இளநீர்க் கடைக்குப் போன கறுப்புக் கத்தி

எனக்குச் சர்க்கரை இருக்கிறது. விடிந்ததும் கிரிவலப் பாதையில் நடக்க வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. நடந்து முடித்ததும் இளநீர்க் கடைப் பக்கம் போகக் கூடாது என்பது என் மனைவியின் உத்தரவு. முதல் உத்தரவை மனப்பூர்வமாக மதிக்கிறேன். இரண்டாவதை அவள் எதிரில் மதிக்கிறேன்.

நான் இரும்புச் சாமான் கடைக்காரன். தேரடி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் கடை, மேலே வீடு. மண்வெட்டி, கடப்பாரை, அரிவாள், கத்தி, ஆணி, சங்கிலி, கிணற்று ராட்டினம், எல்லாம் வைத்திருக்கிறேன். பெயர் சொல்லி என்னைக் கூப்பிடுகிறவர்கள் எங்கள் உறவுக்காரர்கள் மட்டும்தான். மற்ற எல்லோருக்கும் நான் பாய். கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ் பிடித்து வருகிற விவசாயிக்கும் பாய், வேங்கிக்கால் ஆபீசிலிருந்து பூட்டு வாங்க வருகிற அதிகாரிக்கும் பாய்.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. கத்தி, அரிவாள் எது வாங்கினாலும் கூடவே ஒரு எலுமிச்சம்பழம் கொடுப்போம். இதை யார் ஆரம்பித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. நிறுத்தினால் என்ன ஆகும் என்று தெரியும். ஒருமுறை பழம் தீர்ந்துபோய் வெறும் கத்தியை நீட்டினேன். வாங்க வந்தவர் கத்தியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், 'அப்புறமா வரேன் பாய்' என்று நடையைக் கட்டிவிட்டார். புதுக் கத்தியைச் சாமி முன்னால் வைத்து, மஞ்சள் குங்குமம் இட்டு, நுனியில் எலுமிச்சம்பழத்தைக் குத்தி வைத்த பிறகுதான் இங்கே அதை வேலைக்கு எடுப்பார்கள். பக்ரீத் சமயத்தில் கத்தி வாங்க வருகிற எங்கள் ஆட்களுக்கும் பழம் உண்டு. அவர்கள் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் ஜூஸ் போட்டுக் குடித்துவிடுவார்கள்.

கறுப்புக் கத்திகள் எங்கள் கடைக்கு வந்தது போன வருஷம். சென்னையிலிருந்து வருகிற விற்பனைப் பிரதிநிதி ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்து இறக்கினார். காட்டுக்குப் போகிறவர்கள், கூடாரம் போட்டுத் தங்குகிறவர்கள் வைத்துக்கொள்கிற கத்திகளாம். கறுப்பென்றால் அப்படி ஒரு கறுப்பு, துளிப் பளபளப்பு இல்லை. அட்டையில் தாடி வைத்த ஒரு ஆள் பனியில் நின்று விறகு பிளந்துகொண்டிருந்தான். கீழே எழுதியிருந்தது: துரு அண்டாது, கீறல் விழாது, துடைக்க வேண்டியதே இல்லை. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. துடைக்க வேண்டாத கத்தி என்று ஒன்று உண்டென்றால், குளிப்பாட்ட வேண்டாத பிள்ளை என்றும் ஒன்று இருக்க வேண்டும். இதைப் பிரதிநிதியிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, 'வெச்சுப் பாருங்க பாய், போகலைனா திருப்பிக் குடுங்க' என்றார்.

விற்கிற பொருளை நானே படுத்திப் பார்க்காமல் விற்க எனக்கு மனசு வராது. இது வியாபாரியின் நேர்மை என்று வெளியே சொல்லிக்கொள்வேன். உண்மையில் எனக்கு அதில் ஒரு குஷி. மாடியில் ஒரு கருவேலங்கட்டையைப் போட்டு, விதத்துக்கு ஒன்றாகக் கத்தியை எடுத்துக்கொண்டு வெட்ட ஆரம்பித்தேன். ஒன்றன் பூச்சு சுவருக்கு அடித்த பெயிண்ட்போலத் தடிப்பாக, மொத்தமாக இருந்தது. இன்னொன்றில் மெல்லியதாக, இரும்போடு சேர்த்துச் சுட்டெடுத்ததுபோல இருந்தது. மூன்றாவது கறுப்புக்கூட இல்லை, அடுப்புச் சாம்பல் நிறம், தொட்டால் சொரசொரப்பு. கட்டையை வெட்டினேன், கட்டுக்கம்பியை வெட்டினேன், மணலில் செருகி எடுத்தேன், ஐப்பசி மழையில் கைப்பிடிச் சுவர்மேல் போட்டுவிட்டு அப்படியே விட்டேன்.

'கீழ கடை வெச்சிருக்கீங்க, சரி. மேல பட்டறை எப்ப ஆரம்பிச்சீங்க?' என்று என் மனைவி துணி காயப்போட வரும்போதெல்லாம் கேட்டாள். ஒருநாள் கத்தியை வாங்கித் தானும் ரெண்டு போடு போட்டாள். கருவேலச் சிராய் பறந்துபோய் அவளுடைய வடாம் தட்டில் விழுந்தது. அன்றோடு பரிசோதனை முடிவுக்கு வந்தது.

மெல்லிய பூச்சு நன்றாகத் தாங்கியது, அங்கங்கே கோடு கோடாகத் தேய்ந்ததோடு சரி. சாம்பல் நிறத்தது மழையை ஓரளவு தாங்கியது, உரசலைத் தாங்கவில்லை. மொத்தப் பூச்சு கருவேலங்கட்டைக்கு முன்னால் மானத்தை விட்டது. அடி விழுந்த இடத்திலெல்லாம் பொக்கென்று பெயர்ந்தது. ஆனால் எல்லாக் கத்திக்கும் பொதுவான ஒரு விஷயத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. எந்தப் பூச்சும் விளிம்புவரை வருவதில்லை. தீட்டினால்தானே கூர், தீட்டினால் பூச்சு போய்விடுமே. அதனால் வெட்டுகிற இடத்தில் எப்போதும் வெறும் இரும்புதான் இருக்கிறது, பூச்செல்லாம் பின்னால் நின்று வேடிக்கை பார்க்கிறது. ராத்திரி சாப்பிடும்போது இதை என் மனைவியிடம் பெரிய கண்டுபிடிப்பாகச் சொன்னேன். 'ஆமாமா' என்று ரசத்தை ஊற்றினாள்.

மொத்தப் பூச்சுக் கத்தியில் ஒன்றுமட்டும் எனக்குப் பிடித்திருந்தது. உள்ளே இருந்த இரும்பு. மெல்லிய தகடு, நல்ல பதம், ரப்பர் கைப்பிடி, ஈரக் கையிலும் வழுக்காது. நம்மூர்க் கத்தியோடு வைத்துப் பார்த்தால் எடை பாதிக்கும் கம்மி. அதைத்தான் நான் இளநீர்க் கடைக்குக் கொண்டுபோனேன்.

என் மனைவிக்குத் தெரியாமல் நான் போய்வந்த இளநீர்க் கடை, கிரிவலப் பாதையில் ஒரு குளத்தைத் தாண்டியதும், புங்க மரத்தடியில் இருக்கிறது. அந்த அம்மாவுக்கு நாற்பதைத் தாண்டியிருக்கும். கணவர் லோடு வண்டி ஓட்டுகிறார், விடியலில் காய்களை இறக்கிவிட்டு வேறு சவாரிக்குப் போய்விடுவார். கடை அந்த அம்மாவின் கையில்தான். இளநீரை இடது உள்ளங்கையில் நிறுத்தி, ஒரு பக்கத்துக்கு ஒரு போடாகச் சுற்றிப் போட்டு, கடைசியாக நுனியால் ஒரு திருப்பு. மூடி திறந்துகொள்ளும், ஒரு சொட்டு சிந்தாது. வெட்டும்போது வாய் சும்மா இருக்காது. 'சர்க்கரைக்காரரே, தண்ணி மட்டும் குடிங்க, வழுக்கைய நான் வேற ஆளுக்குப் போடறேன்' என்பாள். பின்னால் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். எனக்கு அந்தக் கிண்டல் பிடிக்கும். சொல்லப்போனால் இளநீரைவிட அதற்காகத்தான் போனேன்.

பங்குனி வெயில் ஏறியபோது வெட்டுகிற கையில் ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு போடுக்கும் பல்லைக் கடித்தாள். வாயைத் திறக்கவில்லை.

'இன்னாம்மா ஆச்சு கைக்கு?'

'மணிக்கட்டு பாய். உள்ள நரம்பு வீங்கிக்கீதாம். பாரம் தூக்காத, ஓங்கிப் போடாதனு டாக்டர் சொல்றாரு. ஓங்காம எப்படி பாய் இளநி வெட்டறது? கெஞ்சிக் கேக்கறதா?'

சிரித்தாள், ஆனால் கண்ணில் சிரிப்பு இல்லை. பிறகு மெல்ல விஷயத்தைச் சொன்னாள். அந்த இடம் மாமனார் காலத்திலிருந்து அவர்கள் குடும்பத்தினுடையது. கத்தி பிடிக்கிற கை யாருடையதோ அவர்களுக்குத்தான் இடம் என்று வீட்டில் பேச்சு. கணவருக்கு வண்டிதான் உயிர் என்பதால் அந்த அம்மா கத்தியை எடுத்தாள். கணவரின் தம்பிக்கு ஆரம்பத்திலிருந்தே அந்த இடத்தின்மேல் ஒரு கண். பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கவர் விற்கிறார், அது சரியாக ஓடவில்லை. அவரையும் குறை சொல்ல முடியாது, அவருக்கும் குடும்பம் இருக்கிறது. மணிக்கட்டு விஷயம் காதில் விழுந்ததும் வீட்டுக்கே வந்து, 'அண்ணி, சித்ரா பௌர்ணமிக்கு நான் வந்து வெட்டிக் குடுக்கறேன், நீங்க ரெஸ்ட் எடுங்க' என்றாராம்.

'நல்லதுதானே?' என்றேன்.

'பாய், உங்க கடையில ஒரு நாள் நான் உக்காந்து வியாபாரம் பண்றேன், நீங்க ரெஸ்ட் எடுங்கனு யாராச்சும் சொன்னா எழுந்துருவீங்களா? சித்ரா பௌர்ணமி ஒருத்தர் கையில போச்சுனா அப்புறம் அந்தக் கை நகராது. எனக்கு வீட்டு அடுப்பங்கரைதான். நான் இங்க நின்னாதான் பாய் மனுஷி.'

அதைச் சொல்லும்போது அவளுக்குக் குரல் உடைந்தது. பாதி இளநீரை வைத்துவிட்டு நேராகக் கடைக்கு வந்து, அந்தக் கறுப்புக் கத்தியை எடுத்தேன். கருவேலங்கட்டையில் பூச்சு பெயர்ந்தது ஞாபகம் வந்தது. ஆனால் இளநீர் மட்டை என்ன கருவேலங்கட்டையா, ஊறின பஞ்சுமாதிரி இருக்கிறது, அது என்ன செய்துவிடும் என்று நினைத்தேன். புதுக் கத்தி ஒன்றை உறையோடு எடுத்து, வழக்கம்போல ஒரு எலுமிச்சம்பழத்தையும் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். 'தொடைக்கக்கூட வேணாமாம்மா, பெட்டியில எழுதியிருக்கு' என்று ஒரு வார்த்தையும் சேர்த்தேன். கோபப்பட்ட அதே வாசகத்தை நானே எடுத்து விற்றிருக்கிறேன், வியாபாரி புத்தி.

மறுநாள் போனபோது பழைய குரல் திரும்பியிருந்தது. 'இன்னா பாய் இது, கத்தியா விசிறியா? கையில இருக்கறதே தெரியல!' எடை இல்லாததால் ஓங்கிப் போட்டுப் பிரயோஜனம் இல்லை என்பதை அவளே கண்டுகொண்டாள். முழங்கையை உடம்போடு ஒட்டி வைத்து, கத்தியை இழுத்துச் சீவினாள். மட்டை பூசணிக்காய்போல விட்டுக்கொடுத்தது. ஒரு குறைதான். கறுப்புப் பூச்சு ஈர மட்டையில் ஒட்டி இழுத்தது, உள்ளே போன கத்தியை வெளியே எடுக்கக் கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. பழகப் பழகச் சரியாகிவிடும் என்றாள். அன்றைக்கு நான் ரொம்பச் சந்தோஷமாக வீடு வந்தேன். 'இன்னிக்கு இன்னா ஜாஸ்தி சிரிப்பு, இளநியா?' என்று என் மனைவி கேட்டாள். அவளுக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அமாவாசை வந்தது. அமாவாசைக்கு அமாவாசை அந்த அம்மா கத்திக்குப் பூஜை போடுவாள். கத்தியைக் கழுவி, பொட்டு வைத்து, நுனியில் எலுமிச்சம்பழத்தைக் குத்தி, சாமி படத்தின் கீழே சாய்த்து வைப்பது. பழைய கத்தியாக இருந்தவரை மறுநாள் பழத்தை உருவிப் போட்டுவிட்டு, சாம்பல் போட்டுத் தேய்த்து, எண்ணெய் தடவித்தான் கையில் எடுப்பாளாம். இல்லாவிட்டால் எலுமிச்சைச் சாறு பட்ட இடம் கறுத்துப்போகும். இது பூச்சுக் கத்தி, துடைக்கக்கூட வேண்டாம் என்று பாயே சொல்லியிருக்கிறார். அதனால் பழத்தை உருவிவிட்டு, அப்படியே உறையில் போட்டுவிட்டாள். அமாவாசையை ஒட்டி வீட்டில் ஏதோ விசேஷம், ரெண்டு மூன்று நாள் கடை போடவில்லை. கத்தி உறைக்குள்ளேயே கிடந்தது.

பிறகு ஒருநாள் மத்தியானம், கடையில் நான் சாப்பிட எழுந்திருக்கிற நேரம், அந்த அம்மா வந்தாள். முதல்முறையாகக் கடைக்கு வந்தவள், என்ன ஏது என்று சொல்லாமல், கத்தியை மேஜைமேல் வைத்தாள்.

'இத நீங்களே வெச்சுக்கோங்க பாய்.'

காலையில் குழந்தையோடு ஒரு பெண் வந்திருக்கிறாள். குழந்தைக்கு வழுக்கை ஊட்டும்போது வெள்ளையில் கறுப்பாக ஒரு துணுக்கு. எறும்பா என்று பார்த்திருக்கிறாள், எறும்பு இல்லை. தேடினால் இன்னொன்று. 'இன்னாம்மா இது, பெயிண்ட்டா? குழந்தைக்குப் பெயிண்ட்டையா குடுக்கற?' என்று அவள் சத்தம் போட, பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் இளநீரைக் கீழே வைத்துவிட்டு எழுந்துபோய்விட்டார்கள். யாரோ போய்ச் சொல்லி, ஒரு மணி நேரத்தில் கொழுந்தன் வந்து நின்றுவிட்டாராம். 'நான்தான் அப்பவே சொன்னேனே அண்ணி. பௌர்ணமிக்கு என் கத்தியோட வந்துடறேன்' என்று உறுதியாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

கத்தியைப் பார்த்தேன். நுனியிலிருந்து பூச்சு செதில் செதிலாக எழுந்து நின்றது. நகத்தால் நெருடினால் உதிர்ந்தது. எலுமிச்சைச் சாறு பட்ட தடம் நன்றாகவே தெரிந்தது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. கூசினால் எனக்கு உடனே கோபம்தான் வரும், அது என் பிறவிக் குணம்.

'யாரும்மா உன்ன இத எலுமிச்சம்பழத்துல ஊறவெக்கச் சொன்னது?'

'பழத்தக் குடுத்தது யாரு பாய்?'

மாடிப்படியில் நின்றிருந்த என் மனைவி, 'அப்படிக் கேளு தங்கச்சி' என்றாள். சாப்பிடக் கூப்பிட வந்தவள் எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. இறங்கி வந்து அந்த அம்மாவை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்தாள். தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு அந்த அம்மா அழுதாள். சத்தமில்லாமல், முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு. பழைய கத்தியை எடுக்கலாம் என்றால் கை பௌர்ணமிக் கூட்டத்துக்குத் தாங்காது. இந்தக் கத்தியை எடுத்தால் யாரும் குடிக்க மாட்டார்கள். நான் மேஜையில் இருந்த ஆணிப் பொட்டலங்களை இங்கேயும் அங்கேயும் நகர்த்திக்கொண்டிருந்தேன்.

என் மனைவி கத்தியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

'ஏங்க, என் தோசைத் தவா பூச்சு போனப்ப நான் இன்னா பண்ணேன்?'

'தூக்கிப் போட்ட.'

'ஏன் போட்டேன்? பூச்சு இல்லாட்டி அதுல தோசை வராது, ஒட்டிக்கும். இதுல பூச்சு இல்லாட்டி இன்னா வராது? வெட்டற எடத்துல வெறும் இரும்புதான் இருக்குதுனு நீங்கதானே சோறு துன்ன உடாம கதை சொன்னீங்க?'

நான் சொன்னதை ரசம் ஊற்றிக்கொண்டே கேட்டிருக்கிறாள். எனக்கு வந்தது வெட்கமா பெருமையா என்று தெரியவில்லை, ரெண்டும்தான்.

சாப்பாட்டை மறந்து மூன்று பேரும் மாடிக்கு ஏறினோம். கடையிலிருந்து உப்புத்தாள் கொண்டுவந்து, ஒரு மரத்துண்டில் சுற்றி, தண்ணீர் தெளித்துத் தேய்க்க ஆரம்பித்தேன். முதலில் கறுப்பு வழிந்தது, பிறகு சாம்பல், அப்புறம் மெல்ல வெள்ளை எட்டிப் பார்த்தது. நுனிப் பக்கம் பூச்சுக்கு அடியில் துரு வரி வரியாக உள்ளே போயிருந்தது, சுவர்ச் சுண்ணாம்புக்கு உள்ளே கரையான் போன தடம்போல. வெறும் கத்தியில் துரு வந்தால் அன்றைக்கே கண்ணுக்குத் தெரியும், திட்டிக்கொண்டே துடைத்துவிடுவோம். பூச்சுக்குள் போனால் அது பாட்டுக்கு இருந்து வேலை செய்யும். நல்லவேளை, ஆழமாகப் போகவில்லை. புள்ளிகள் தேய்க்கத் தேய்க்கக் கரைந்தன. என் கை ஓய்ந்தபோது என் மனைவி தேய்த்தாள். அவள் ஓய்ந்தபோது அந்த அம்மா இடது கையால் தேய்த்தாள். வேண்டாம் என்றால் கேட்கவில்லை. வடாம் தட்டு மறுபடியும் அதே இடத்தில் இருந்தது, இந்தத் தடவை என் மனைவியே அதை ஓரமாக நகர்த்தி வைத்தாள்.

கடைசியில் புளி போட்டு, சாம்பல் போட்டு, சோப்புப் போட்டு, என் மனைவி கழுவின கழுவில் கத்தி ஒரு கறுப்புத் துணுக்குக்கூட இல்லாமல் வெளியே வந்தது. அழகாக இல்லை. மேடும் கோடுமாக, அங்கங்கே மங்கலாக இருந்தது. சாணைக்கல்லில் நாலு இழுப்பு இழுத்து, வெள்ளைத் துணியில் துடைத்துக் காட்டினேன். துணி வெள்ளையாகவே இருந்தது. அந்த அம்மா துணியை என் கையிலிருந்து வாங்கி, தானும் ஒருமுறை துடைத்துப் பார்த்துக்கொண்டாள்.

மறுநாள் காலை நடைக்கு என் மனைவியும் வந்தாள். நான் எந்தப் பக்கம் திரும்புவேன் என்று எனக்கு முன்னாலேயே தெரிந்து, எனக்கு முன்னாலேயே திரும்பினாள். அந்த அம்மா ஒரு காயை எடுத்துச் சீவினாள். பூச்சு இருந்தபோது ஒட்டி இழுத்த கத்தி, இப்போது போனதும் தெரியவில்லை, வந்ததும் தெரியவில்லை. 'ஐயே!' என்றாள், நம்பாதவள்போல. இன்னொன்றைச் சீவினாள், மறுபடியும் 'ஐயே!' என்றாள். முதல் இளநீரை என் மனைவியிடம் கொடுத்தாள். அவள் வழுக்கையைக் கரண்டியால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சாப்பிட்டாள். பிறகு என்னைப் பார்த்து, 'இன்னிக்கு ஒண்ணு குடிங்க' என்றாள். அல்ஹம்துலில்லாஹ், ஒளிந்து குடித்த எந்த இளநீரும் அவ்வளவு இனிக்கவில்லை.

பூச்சைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. மழையில் கிடக்கிற கத்திக்கும், மாசத்துக்கு ஒருமுறை எடுக்கிற கத்திக்கும் அது நல்ல துணை. மெல்லிய பூச்சுக் கத்திகளை இன்றும் விற்கிறேன், வாங்கினவர்கள் சந்தோஷமாகத்தான் இருக்கிறார்கள். நாள் முழுக்க ஒரு கையில் இருக்கிற கத்திக்கு, அந்தக் கையே பூச்சு. ஆனால் பழம் கொடுக்கும்போது மட்டும் இப்போது ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்கிறேன்: குத்தி வைங்க, மறுநாள் மறக்காம தொடைங்க.

சித்ரா பௌர்ணமி அன்றைக்கு மத்தியானத்திலிருந்தே கூட்டம். வெளியூர் பஸ்கள் ஊருக்கு வெளியே நின்றுவிட்டன, ஆட்கள் மூட்டையும் குழந்தையுமாக நடந்து வந்துகொண்டிருந்தார்கள். தார் ரோடு கொதித்தது, தண்ணீர் லாரி வந்து தெளித்துவிட்டுப் போனால் அடுத்த நிமிஷம் காய்ந்துவிடும். பிற்பகல் அஸர் தொழுகையை முடித்துவிட்டு நானும் என் மனைவியும் புங்க மரத்தடிக்குப் போனோம். எனக்குப் பயமாக இருந்தது. மெல்லிய தகடு, இவ்வளவு காய்களுக்குக் கூர் மடங்கிப்போகலாம். கத்தி தாங்கினாலும் கை தாங்க வேண்டுமே. சட்டைப் பையில் ஒரு சின்ன அரத்தை வைத்துக்கொண்டு போயிருந்தேன்.

போய்ப் பார்த்தால் அதற்கு வேலையே இல்லை. அந்த அம்மா பக்கத்தில் ஒரு சாணைக்கல், ஒரு எண்ணெய்த் துணி. கூட்டம் கொஞ்சம் விட்டதும் கத்தியைக் கல்லில் ரெண்டு இழு, துணியில் ஒரு துடை, மறுபடியும் காய். கையில் பட்டை கட்டியிருந்தாள், வலி இருந்தது, அவ்வப்போது விரல்களை விரித்து மடக்கிக்கொண்டாள். ஆனால் வாய் ஓடிக்கொண்டிருந்தது. 'வரிசையில வாங்க, சாமி எங்கயும் ஓடிப்போகல, மலை அங்கயேதான் நிக்குது.' கூட்டம் சிரித்தது. என் மனைவி சொல்லாமலே ஸ்ட்ரா எடுத்துக் கொடுக்க நின்றுவிட்டாள். நான் குடித்துப்போட்ட கூடுகளை ஓரமாக ஒதுக்கினேன்.

வெயில் சாய்ந்தபோது கொழுந்தன் வந்தார். வேகமாக நடந்து வந்திருக்க வேண்டும், சட்டை முழுக்க வியர்வை. கையில் சாக்குத் துணியில் சுற்றின கத்தி. வந்தவர் வரிசையைச் சுற்றிக்கொண்டு உள்பக்கமாக வந்து, சாக்கை உருவினார். பெரிய கத்தி, நல்ல எடை, என் கடையில் வாங்கினதுதான், பார்த்ததும் தெரிந்துகொண்டேன்.

'நகருங்க அண்ணி. போதும், கை இன்னாத்துக்கு ஆகறது? நான் பார்த்துக்கறேன்.'

அவர் குரலில் கெட்ட எண்ணம் இல்லை. அதனால்தான் அவரை மறிக்க எனக்கு வழி தெரியவில்லை. வரிசையில் நின்றவர்களுக்கு யார் வெட்டினால் என்ன, இளநீர் வந்தால் சரி. என் மனைவி ஸ்ட்ராவைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

அந்த அம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. குவியலைப் புரட்டி, ஒரு நல்ல காயாகப் பார்த்து எடுத்தாள். முழங்கையை உடம்போடு ஒட்டி, இழுத்து ஒரு சீவு. திருப்பி இன்னொரு சீவு. நுனியால் ஒரு சுழற்று. மூடி விலகி, தண்ணீர் விளிம்புவரை நின்று ஆடியது. என் மனைவியின் கையிலிருந்து ஒரு ஸ்ட்ராவை உருவிப் போட்டு, கொழுந்தன் முன்னால் நீட்டினாள்.

'வெயில்ல வந்திருக்கீங்க. மொதல்ல இதக் குடிங்க.'

அவர் அவளைப் பார்த்தார். அவள் கையைப் பார்த்தார். அந்த வெள்ளைக் கத்தியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். விளிம்புவரை நிரம்பிய இளநீரை ஒரு கையால் வாங்கினால் சிந்தும். குனிந்து, தன் கத்தியைத் தரையில் வைத்துவிட்டு, ரெண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.